ஜெர்மானியர் கவனத்திற்கு

மதுரையில் ஐரோப்பாவைக் கரைத்துக் குடித்த ஒரே மனிதர் எங்கள் டிக்‌ஷனரி அண்ணன்தான். வடக்கே அவர் போன அதிகபட்ச தூரம், மாவட்ட எல்லையில் இருக்கும் கொட்டாம்பட்டி.

காளவாசலில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அடுத்த ஃபிளெக்ஸ் கடையில் அவர் டிசைனர். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பதினோரு அகராதிகள். போர்டில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால், ஐரோப்பாவின் மற்ற மொழிகளில் அதற்குக் கெட்ட அர்த்தம் உண்டா என்று பார்க்காமல் பிரிண்ட் கொடுக்க மாட்டார். காதுகுத்து முடிந்து, குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு ஃபிளெக்ஸ் வாங்கிய குடும்பங்களும் உண்டு.

பேரையூர்ப் பாண்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. என் டைரிப்படி காலை 9.05. எதிர்ப்புறம் கிஃப்ட் கடை திறக்கிறான். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் போர்டு ஏற வேண்டும். போர்டோ இன்னும் கம்ப்யூட்டருக்குள்.

“என்னண்ணே, இன்னும் அடிக்கலையா? ஊர்லருந்து வேன் பிடிச்சு ஆளுக வந்து நிக்கிதுண்ணே!”

“மாப்ள, ஜெர்மன்ல கிஃப்ட்டுன்னா வெசம். வெசக்கடைன்னு போர்டு மாட்டப் போறியா?”

“காளவாசலுக்கு எந்த ஜெர்மன்காரன்ணே வாரான்?”

“வந்துட்டா?”

பாண்டி கடிகாரத்தைப் பார்த்தான். மணி 9.20.

“ஸ்வீடன்ல அதுக்குக் கல்யாணம் ஆனவன்னு அர்த்தம்.”

“எனக்கு ஆகலண்ணே!”

“அப்ப பொய் போர்டாப் போகும்ல?”

பாண்டி அழும் நிலைக்கு வந்துவிட்டான். நான் குறுக்கிட்டேன்: “ஒரே சொல்லு எப்படிண்ணே இம்புட்டு வேஷம் போடுது?”

9.41-க்கு இருப்பதிலேயே தடித்த அகராதியைத் திறந்தார். 9.52-க்கு முகம் மலர்ந்தது.

“எல்லாத்துக்கும் வேரு ஒண்ணுதான்யா, குடுக்கிறது! மருந்துன்னு குடுத்தது ஜெர்மன்ல வெசமாச்சு. பொண்ணக் குடுத்தது ஸ்வீடன்ல கல்யாணமாச்சு. ஹாலந்துல நன்கொடை. நல்ல சாதிச்சனத்துச் சொல்லுதான் மாப்ள, இந்தா அடிக்கிறேன்!”

10.24-க்குப் போர்டு ஏறியது. பாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். அப்போதுதான் அடியில் சின்ன எழுத்தில் இருந்த வரியைப் படித்தோம்: ‘ஜெர்மானியர் கவனத்திற்கு: இங்கு விஷம் விற்பதில்லை.’

“அண்ணே, இதத் தமிழ்ல போட்டா ஜெர்மன்காரனுக்கு எப்படிப் புரியும்?”

அண்ணன் முகம் சுருங்கியது. “அத யோசிக்கலையே மாப்ள.”

ஜெர்மானியருக்குப் புரியாதது காளவாசலுக்கு நன்றாகப் புரிந்தது. சிக்னலில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், எடுத்த கையோடு கடைக்குள்ளும் நுழைந்தார்கள். பகல் ஒரு மணிக்குப் பொம்மை அலமாரி காலி.

அண்ணன் வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. போன மாதம் பாண்டி ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று விளக்குப் போர்டு வைத்தான். எழுத்து, நிறம், படம் எல்லாம் புதிது. அடியில் அந்த வரி மட்டும் அப்படியே இருந்தது.

“இன்னும் அது எதுக்குப்பா?” என்று கேட்டேன்.

“அண்ணன் குடுத்ததுல்ல சார்,” என்றான் பாண்டி. “எப்படி எடுக்கிறது?”