ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான மூக்கு

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

பேரன்புள்ள ஷெர்லி அக்காவுக்கு, தங்கை ஜெபிதா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், ஜெனித்தின் தொடையில் புதிதாக வந்திருக்கும் கட்டியைத் தவிர. அங்கே அத்தானும் உங்கள் ஆய்வுக்கூடத்துக் கிருமிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உங்கள் ரிப்போர்ட் போன வாரமே வந்துவிட்டது. அதை நம்புவதற்கு முயற்சி செய்துகொண்டிருந்ததில் பதில் தாமதம், இன்னும் நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ரூபஸ் படித்துவிடுவார், போனில் பேசினால் என் மாமியார் காதில் விழும். அதனால்தான் இந்தக் காகிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் தப்பு எங்கே என்று உங்களுக்கே புரியும். மூன்று வயசுப் பிள்ளைக்கு ஒரு கட்டி ஆறினால் அடுத்த கட்டி. டாக்டர், "இந்தக் கிருமி வீட்டுல யாரோ ஒருத்தர் மூக்குல சத்தமில்லாம குடியிருக்கும்மா, கை வழியா பிள்ளைக்குப் போகுது" என்றார். யாரோ ஒருத்தரா? நாளெல்லாம் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காதது அத்தைதானே! அன்றிலிருந்து அத்தை ஜெனித்தைத் தூக்க வந்தால் நான் சானிடைசரோடு குறுக்கே நின்றேன். "ஏட்டி, ஒம் மாப்பிள்ளைய வளத்ததும் இந்தக் கைதாம்ட்டி, அவன் தொடையில கட்டியா மொளச்சுது?" என்பார்கள். நான் காதில் வாங்கவில்லை.

நீங்கள் அனுப்பிய பஞ்சுக் குச்சிகளில் ஜெனித்தின் கட்டியில் ஒன்று, அத்தை மூக்கில் ஒன்று, ரூபஸ் மூக்கில் ஒன்று எடுத்தோம். ஒரு குச்சி மிச்சம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான மூக்கு வேண்டாமா என்று என்னுடையதையும் எடுத்து அனுப்பினேன். கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லையா? முதலில் நீங்கள் போன் செய்து, ரூபஸ் மூக்கில் ஒன்றுமில்லை, கட்டியில் இருக்கும் அதே கிருமி அத்தை மூக்கிலும் இருக்கிறது, ஆனால்... என்று மேலே ஏதோ சொல்ல வந்தீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தும்விட்டேன். அத்தை சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, "வாசுதேவநல்லூர்ல எம் மவ வீட்டுல என் மூக்குக்கு எடம் இருக்கும்" என்று பையைக் கட்டினார்கள். ரூபஸ் பிரிக்கப் பிரிக்க அவர்கள் கட்டுகிறார்கள். "ஒம் படிப்பு எங்க அம்மைய பஸ் ஏத்துது பாத்தியா" என்கிறார் அவர். இன்று சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்கள். அவர்கள் ஊட்டாவிட்டால் ஜெனித் வாயைத் திறக்க மாட்டான், அது வேறு.

இந்தக் கட்டலுக்கும் பிரித்தலுக்கும் நடுவில்தான் உங்கள் ரிப்போர்ட் வந்தது. தட்டில் வளர்த்தால் எல்லாம் ஒரே தங்க நிறம்தான், மருந்து வில்லை வைத்தாலும் ஒன்றுபோலத்தான் சாகின்றன, டிஎன்ஏவை வெட்டி ஜெல்லில் மின்சாரம் வைத்து ஓடவிட்டுக் கோடுகளைப் பார்த்தால்தான் வகை பிரியும். உங்க ஊர்ச் சேலையில் கரையைப் பார்த்து எந்தத் தறி என்று சொல்கிற மாதிரி என்று விளக்கியிருக்கிறீர்கள். உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தையின் கரை வேறு, ஜெனித்தின் கரையும் என் கரையும் கோடு பிசகாமல் ஒன்று என்று முடித்திருக்கிறீர்களே, இது நியாயமா அக்கா? லேபிள் ஒட்டியது ரூபஸ், அதுவும் கிரிக்கெட் பார்த்துக்கிட்டே. பார்சல் வெயில்ல வேற கெடந்திருக்கும். என் மூக்குக்கு என்ன வந்துச்சு? எதிர்வீட்டுத் தறித் தூசிக்குக் கொஞ்சம் தும்மல், அவ்வளவுதானே! இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்கள். அதுவரை அத்தையிடம் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

உங்கள் கைகளின் பிரயாசத்தை, குறிப்பாக இந்த மறுபரிசோதனையை, ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அத்தானுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கை ஜெபிதா

பி.கு.: கையெழுத்துப் போட்டதும் ஒரு தும்மல். விரலால் மூக்கைத் தேய்த்துவிட்டு, பக்கத்தில் தூங்கும் ஜெனித்தின் கட்டி ஆறுகிறதா என்று அதே விரலால் தொட்டுப் பார்த்தேன். வாசலில் பையோடு அத்தை.

"ஏட்டி, இப்ப ஒங் கை எங்கன இருந்துச்சு, எங்கன போகுது?"

ரிப்போர்ட்டை எடுத்து முழுக்க வாசித்துக் காட்டிவிட்டேன்.

"அப்போ எம் மூக்குல இருக்கது?"

"அது வேற தறி, அத்தை."

"அப்படிச் சொல்லு" என்று பையைக் கீழே வைத்தார்கள். பிறகு சானிடைசரை எடுத்துக்கொண்டு, "ம், கைய நீட்டு" என்றார்கள். மறுபரிசோதனை வேண்டாம் அக்கா. சாயங்கால வாசுதேவநல்லூர் பஸ் அத்தை இல்லாமலே போகும். ஜெனித் விழித்து அத்தை இடுப்பில் இருக்கிறான். கை காயட்டும், அப்புறம் பிள்ளையைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.