தோள்பட்டையும் சோப்புப் பெட்டியும்

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். செவ்வாய் மாலை ஆறு மணியிலிருந்து புதன் மதியம் ஒன்றரை வரை நான் மட்டும் நலமாக இல்லை; இப்போது நானும் நலம். நீங்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள், சித்தப்பாவின் முதுகுவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த உறைக்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். முதலில் அதை எடுத்துப் பாருங்கள், பிறகு கடிதத்தைப் படியுங்கள். தயவுசெய்து வரிசையை மாற்ற வேண்டாம். படத்தைப் பார்த்துவிட்டுப் படித்தால் சிரிப்பு வரும். பார்க்காமல் படித்தால் என்னைத் திட்டத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒன்பது வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்குள் வந்தபோது செருப்பைக் கழற்றும் முன்பே ஹால் சுவரைத்தான் பார்த்தீர்கள். நான் கவனித்தேன். அக்கா கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ அங்கேயேதான் இருந்தது. இருபத்து மூன்று பேரும், இடது ஓரத்தில் உங்கள் இடது தோள்பட்டையும். போட்டோக்காரர் வெட்டியதற்கு அம்மா என்ன செய்வாள் என்பது எங்கள் வீட்டுக் கட்சி. வெட்டியதை எதற்குச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்பது உங்கள் கட்சி. “என் தோள்பட்டைய மட்டும் மாட்டி வச்சிருக்கா” என்று நீங்கள் யாரிடமோ சொன்னது அம்மாவுக்கு வந்து சேர்ந்ததும், அம்மா பதிலுக்குச் சொன்னது உங்களுக்கு வந்து சேர்ந்ததும் பழைய கதை. இரண்டு கட்சியிலும் நியாயம் இருப்பதாக எனக்குச் சின்ன வயதிலேயே பட்டது. இரண்டு பக்கமும் அடி விழும் என்பதால் வெளியே சொன்னதில்லை.

உங்களை அழைத்தது அப்பாதான். அவர் எழுதிய கடிதத்தில் ‘பொருள்: வருகை தருதல் தொடர்பாக’ என்றும், அதற்குக் கீழே ‘பார்வை: இல்லை’ என்றும் போட்டிருந்ததை நீங்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டினீர்கள். முந்தைய கடிதம் எதுவும் இல்லாதபோது பார்வை என்ற இடத்தில் அப்படித்தான் போட வேண்டும் என்று அவர் உங்களுக்கே விளக்கம் சொன்னார். முப்பத்து நான்கு வருஷம் அலுவலகத்தில் கடிதங்களைத் திருத்திய கை அது. ஓரத்தில் விட வேண்டிய இடம், தேதி வர வேண்டிய மூலை, கையெழுத்துக்கு மேலே எத்தனை வரி இடைவெளி, இதற்கெல்லாம் சேர்த்து அவர் சொல்லும் சொல் ஃபார்மேட். அவர் அகராதியில் அதைவிட உயர்ந்த சொல் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

நான் படம் எடுக்கிறேன் என்று என் சோப்புப் பெட்டியைக் கொண்டு வந்தேன். கேமராவை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அளவும் வழுக்கலும் அப்படி. பட்டனைப் பாதி அழுத்தினால் அது யோசிக்கும். முழுதாக அழுத்தினால் இன்னும் கொஞ்சம் யோசிக்கும். அதற்குள் எதிரில் இருப்பவர்கள் சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்து, அடுத்த வேலையைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருப்பார்கள். நான் எடுத்த படங்களில் பாதி அந்தக் கவலையின் படங்கள்தான். மனிதர்களை அப்படிப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது, அது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கு அது அழுத்த அழுத்த எடுக்கவே இல்லை. பைக்குள் உரசியதில் மேலே இருக்கும் சக்கரம் நகர்ந்து, சிரித்த முகத்தைக் கண்டால் மட்டும் தானாக எடுக்கும் முறைக்குப் போயிருக்கிறது. அதைப் பிறகு கேமராவோடு வந்த கையேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அம்மாவும் சோபாவின் இரண்டு ஓரத்தில், நடுவில் இன்னொருவர் படுத்துத் தூங்கும் அளவுக்கு இடம் விட்டு, பல் டாக்டரிடம் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். பாவம், கேமரா எதை எடுக்கும்?

அப்போதுதான் அப்பா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, “இருவரும் உரிய முறையில் சிரிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்” என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் சிரிப்பு பீறிட்டது. நான் எதையும் அழுத்தவில்லை, சோப்புப் பெட்டி தானாகவே மூன்று தடவை ‘டிக்’ என்றது. நான்காவதுக்கு ‘இடம் நிறைந்துவிட்டது’ என்று காட்டியது. அதுவரை நூறு நூறாகப் படம் எடுத்த பெட்டிக்கு மூன்றில் எப்படி வயிறு நிறைந்தது என்று நான் விழித்தேன். “மூணு போதும்மா, நாலாவதுல சண்டை போட்டுடுவோம்” என்றீர்கள். சின்னத் திரையில் மூன்றையும் பார்த்தோம். அம்மா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தாள். கிளம்பும்போது, “எனக்கு ஒண்ணு பிரிண்ட் போட்டு அனுப்பு, முழுசா” என்றீர்கள். அந்த ‘முழுசா’ யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் விழுந்தது.

திங்கள் வேலைக்குப் போனேன், செவ்வாயும் போனேன். நூலகத்துக்கு நன்கொடையாக வரும் புத்தகங்களின் அட்டையைப் படம் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு என்பதால் சோப்புப் பெட்டியும் கூடவே வரும். செவ்வாய் அதைச் சார்ஜ் போட வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதுதான் வினை. மாலை ஆறு மணிக்கு உள்ளே நுழைகிறேன், அப்பா ஒரு கோப்பை முடித்து மேலிடத்துக்கு அனுப்பிய முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

“உன் கேமராவை ஒழுங்கு பண்ணி வச்சிருக்கேம்மா. கார்டு ஃபார்மேட்ல இல்லைன்னு அதுவே எழுதிக் காட்டுச்சு. ஃபார்மேட் செய்யவான்னு அனுமதியும் கேட்டுச்சு. நம்ம ஆபீஸ்ல ஒருத்தன்கூட அப்படிக் கேட்டதில்ல. சரின்னு குடுத்தேன்.”

திறந்து பார்த்தேன். ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. ‘படம் இல்லை’ என்று நடுவில், சரியான இடைவெளியில், ஒரே ஒரு வரி.

அப்பாவிடம் என்ன சொல்வது சித்தி? படங்களை வரிசையாக அடுக்கி, ஓரம் விட்டு, தேதி போட்டு வைக்கும் என்று நம்பித்தான் அந்த மனிதர் பட்டனை அழுத்தியிருக்கிறார். ரொம்ப நன்றாக இருக்கிறதுப்பா என்றேன். அவருக்குச் சந்தோஷம். குளியலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், அம்மா ஹாலில் ஸ்டூல் மேல் ஏறி இன்ச் டேப்பால் சுவரை அளந்துகொண்டிருக்கிறாள். என்னம்மா என்றேன். ஜன்னல் திரைக்கு என்றாள். அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது. இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் படம் என்றைக்கு வரும், சும்மாதான் கேட்டேன் என்றாள். ஒன்பது வருஷத்தில் உங்கள் சம்பந்தமாக அம்மா சும்மாக்கூட எதையும் கேட்டதில்லை. ‘போன தடவை பாதிய விட்டாங்க, இந்தத் தடவை முழுசா அழிச்சுட்டாங்க’ என்று நீங்கள் சொல்வது இங்கேயே கேட்டது. ஃபார்மேட் என்றால் கேமராவுக்கு அழிப்பது; அப்பாவுக்கு அந்த ஒரு சொல்லின் அர்த்தம் தெரியாமல் போயிற்று என்றால் யார் நம்புவார்கள்? அவர் ஒரு வாழ்நாள் முழுக்கச் சொல் திருத்தியவர் ஆயிற்றே.

நான் யார் எதிரிலும் அழுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை மதியம் புத்தக அலமாரிகளுக்கு நடுவில், யாரும் தேடி வராத தடிமனான புத்தகங்கள் இருக்கும் வரிசையாகப் பார்த்து நின்று அழுதேன். அந்த நேரம் பார்த்து அதில் ஒன்றைத் தேடிக்கொண்டு முற்றுப்புள்ளி அண்ணா வந்துவிட்டார். எங்கள் அட்டவணைப் பிரிவில் இருப்பவர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவார், அதனால் அந்தப் பெயர். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தோள்பட்டை உட்பட. அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. அழுகிறவள் நான், வெளுப்பது அவர், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை எடுத்த படமாம்மா?”

“ஆமாண்ணா.”

“அப்ப அது கார்டுல இருக்கவே இருக்காது. கார்டு வெள்ளிக்கிழமையிலேருந்து என் கம்ப்யூட்டர்லதான் சொருகிக் கிடந்துச்சு. திங்கக்கிழமை அவசரத்துல பிடுங்கி, உனக்குத் தெரியாம திரும்ப வச்சுட்டேன். சொன்னா நீ கோச்சுக்குவேன்னு...”

புத்தக அட்டைகளைக் கணினியில் ஏற்றுவதற்காக எடுத்தவர், திருப்பி வைக்க மறந்திருக்கிறார். அவசரமாகப் பிடுங்கியதில்தான் கார்டு கெட்டு, செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் அவ்வளவு பணிவாக அனுமதி கேட்டிருக்கிறது. ஞாயிறன்று கேமராவுக்குள் கார்டே இல்லை. கார்டு இல்லாவிட்டால், அதற்குள்ளேயே இருக்கும் துளியூண்டு இடத்தில் மூன்று படம் மட்டும் வைத்துக்கொள்ளுமாம். கார்டை உள்ளே போட்டுவிட்டால் அந்த மூன்றையும் காட்டாதாம். இருவரும் மேசைக்கு ஓடினோம். நூலகத்தில் ஓடக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவரே அவர்தான். கார்டை வெளியே எடுத்துவிட்டுக் கேமராவைத் திறந்தார். நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

அப்போது எனக்கு இருந்த நிம்மதியை எழுத வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. இறுக்கமான செருப்பை நாள் முழுக்கப் போட்டிருந்துவிட்டுக் கழற்றிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றுப்புள்ளி அண்ணாவைக் கோபித்துக்கொள்ள நேரமே வரவில்லை. அவர் மட்டும் ஒழுங்காகக் கார்டைத் திருப்பி வைத்திருந்தால், எங்கள் அப்பா அதை இன்னும் ஒழுங்காக்கியிருப்பார்.

முதல் படத்தில் இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள். மூன்றாவதில், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்க வந்த அப்பாவின் சட்டைப் பொத்தான் மட்டும். நான் அனுப்பியிருப்பது இரண்டாவது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். அம்மா நடு இடத்தைத் தாண்டிச் சாய்ந்து உங்கள் தோளைப் பிடித்திருக்கிறாள். இடது தோள்தான், சித்தி. எப்போது பிடித்தாள் என்று எனக்கும் நினைவில்லை, அம்மாவுக்கும் நினைவில்லையாம்.

அப்பாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எனக்கும், முக்கியமாக என் சோப்புப் பெட்டிக்கும் வேண்டும்.

என்றும் உங்கள் அன்பு மகள்

பி.கு.: சித்தி, இந்நேரம் உறையைத் தலைகீழாகப் பிடித்து நாலு தட்டு தட்டியிருப்பீர்கள். உள்ளே படம் இல்லை. நான் பசை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அம்மா அதை எடுத்துவிட்டாள். இப்போது அது ஹாலில், அளந்த இடத்தில், சட்டத்துக்குள் இருக்கிறது. தோள்பட்டைப் படம் உள் அறைக்குப் போய்விட்டது. இன்னொரு பிரிண்ட் போடலாம் என்று பார்த்தால், அப்பா கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று சோப்புப் பெட்டியையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆக, அப்பாவுக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது போலிருக்கிறது. சித்திக்கு அனுப்ப வேண்டியதும்மா என்றேன். “எதுக்கு அனுப்பணும்? வந்து பாத்துக்கட்டும். ரெண்டு நாள் தங்குற மாதிரி வரச் சொல்லு” என்றாள். அப்பா உடனே தாளை எடுத்து, ‘பொருள்: மீண்டும் வருகை தருதல் தொடர்பாக’ என்று ஆரம்பித்துவிட்டார். பார்வை என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே, “இந்தப் படம்னு போடுங்க” என்றாள்.