மின்விசிறிக்குப் போன பாட்டு

இன்று வீட்டில் முடிவெடுப்பது நான்தான் என்று பாட்டுக்காரர் காலையிலேயே தீர்மானித்துவிட்டார். கல்யாணமான பிறகு அவர் தன்னந்தனியாக எடுத்த முதல் தீர்மானம் அது.

விஷயம் இதுதான். அவரே எழுதி, மெட்டுப் போட்டு, படுக்கையறையில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த பாட்டு ஒன்றை ஒரு மின்விசிறிக் கம்பெனி தன் விளம்பரத்துக்குக் கேட்டது. மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்தால் பெரிய தொகை. ஆனால் அதற்கப்புறம் சொந்தப் பாட்டை மேடையில் பாடக்கூட கம்பெனியிடம் போய் நிற்க வேண்டும்.

“வாடகைக்கு விடுங்க. வீட்டையே எழுதிக் குடுக்காதீங்க” என்றாள் மனைவி, நேற்றே. “ஒரு வருஷம், ஒரே விளம்பரம். நாளைக்கு சினிமாக்காரங்க கேட்டா அவங்களுக்கும் குடுக்கலாம்.”

“பாட்டு என்னோடது.”

“யாரு கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனப்ப எழுதினது?”

அவள்தான் போனாள். அந்தப் பாட்டை போனில் கேட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தாள். அதற்காக அதை அலமாரியில் வைத்துப் பூட்டவா முடியும்?

கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். பாட்டுகளை வாங்கி விற்கும் தளத்தில் ஒப்பந்தம் தயாராக இருந்தது. எதையும் படிக்கிற பழக்கம் அவருக்கில்லை. எழுதுகிறவன் எதற்குப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ‘பாட்டை எழுதியவர் முகத்தைக் காட்டவும்’ என்றது திரை. தலையைச் சீவிக்கொண்டு காட்டினார். அடுத்து ஓ.டி.பி. கேட்டது.

சமையலறையில் ‘டிங்’ என்றது.

அது மனைவியின் போன். போனைத் தொலைப்பதில் கைதேர்ந்தவர் என்பதால், கணக்கு தொடங்கும்போது மனைவியின் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். வந்த ஓ.டி.பி. எண்ணுக்கு ஆயுசு பத்தே நிமிஷம். சமையலறைக்கு ஓடினார்.

“ஏம்மா, உன் போனைக் குடேன். மணி பாக்கணும்.”

“கையில வாட்ச் கட்டியிருக்கீங்களே?”

“நின்னுபோச்சு.”

“முள்ளு ஓடுதே?”

“ஓடுது... தப்பா ஓடுது.”

“உங்க தலைக்கு மேல சுவர்க் கடிகாரம் இருக்கு பாருங்க.”

பார்த்தார். நாலு நிமிஷம் போயிருந்தது. அவள் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். போன் ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது!

பூனை மாதிரி நடந்தார். எப்போதும் பூட்டியே வைக்கும் போன் இன்று திறந்து கிடந்தது. நம்ம நேரம் நல்ல நேரம் என்று போனோடு கம்ப்யூட்டருக்கு ஓடிப்போய் எண்ணைத் தட்டினார். அமுக்கினார். ‘நன்றி’ என்றது திரை.

ஜெயித்தாயிற்று. ஆனால் பால்கனியில் அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது அந்தப் பாட்டைத்தான். அவருக்கு என்ன காரியம் செய்துவிட்டோம் என்று நிஜமாகவே பயம் வந்தது. போனைக் கையில் பிடித்தபடியே போய் நின்றார்.

“அந்தப் பாட்டு இனிமே நம்மளோடது இல்லம்மா. வித்துட்டேன்.”

அவள் சட்டைக்கு க்ளிப் மாட்டினாள்.

“விக்கலை. ஒரு வருஷத்துக்கு வாடகை. மின்விசிறி விளம்பரத்துக்கு மட்டும். கம்பெனிக்காரர் இந்த நம்பருக்குத்தானே பேசுவாரு? நேத்தே பேசி ஒப்பந்தத்தை மாத்த வெச்சுட்டேன். நீங்க படிக்கலையா?”

ஓடிப்போய்ப் படித்தார். அப்படித்தான் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ரோஷமும் வந்தது.

“இதை எங்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?”

“சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குவீங்க. அவங்களுக்கு உங்க மூஞ்சிதானே வேணும்?”

பாட்டுக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“வருஷா வருஷம் புதுப்பிக்கணுமாம்” என்றாள் அவள், காலி வாளியை அவர் கையில் கொடுத்து. “அடுத்த தடவையும் போனைப் பூட்டாம ஃப்ரிட்ஜ் மேலயே வெக்கிறேன். வந்து திருடிக்குங்க.”