குடைப் பூனைக்கு ஒரு விதி

"ஒருத்தர் தனியா எழுதியிருந்தாத்தான் அது ஹோம்ப்ரூ. அவ்வளவுதான்," என்று போனில் அடித்துச் சொல்லிவிட்டு, செயலாளர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

பழைய கேம் கன்சோல் பிரியர்களின் சங்கத்துக்கு அவர் செயலாளர். கன்சோல் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர்கள், ஆர்வக்கோளாறில் வீட்டில் உட்கார்ந்து எழுதும் கேமுக்குத்தான் ஹோம்ப்ரூ என்று பெயர். மாலையில் அதற்குப் போட்டி. வருடக்கணக்காகத் தூக்கத்தைத் தொலைத்து அவர் எழுதிய 'குடைப் பூனை'யும் களத்தில் இருந்தது. சங்கத்து உறுப்பினரான ஒரு பல் டாக்டரின் கேமும் இருந்தது. அது நன்றாக வேறு இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

எது ஹோம்ப்ரூ என்று விதி எழுதும் பொறுப்பு செயலாளருடையது. அவரே போட்டியாளர் என்பதை யாரும் கவனிக்கவில்லை; அவரும் நினைவூட்டவில்லை. டாக்டரின் கேமுக்குப் படம் வரைந்தது டாக்டருடைய மச்சான். அதனால்தான் இந்தத் தனி ஆள் விதி.

"பூனைக்கு மியூசிக் போட்டது யாரு?" என்றாள் மனைவி, தலையைத் துவட்டியபடி.

"நீதான்."

"அப்ப நான் ஆள் இல்லையா?"

செயலாளர் போனை எடுத்தார். குடும்பத்தார் உதவலாம் என்று அவசரமாகத் திருத்திச் சங்கத்துக்கு அனுப்பினார். உடனே டாக்டர் கூப்பிட்டார்.

"ரொம்ப நன்றி சார். மச்சானும் குடும்பம்தானே?"

அடுத்து, காசுக்கு விற்ற கேம் ஹோம்ப்ரூ ஆகாது என்று எழுதினார். டாக்டர் தன்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். குடைப் பூனையைத்தான் ஒரு புண்ணியவான் காசு கொடுத்து வாங்கியிருந்தார். எழுதிய கையாலேயே அதை அழித்தார்.

"உட்காருங்க மாப்பிள்ளை, பார்க்கிற எனக்கே தலை சுத்துது," என்றார் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார். "அனுமதி வாங்காம பூனையை எழுதினதுக்குக் கம்பெனிக்காரன் கேஸ் போட்டுடுவானோன்னு போன மாசம் பூரா இப்படித்தான் நடந்தீங்க."

கம்பெனி என்றதும் செயலாளருக்குப் பொறி தட்டியது. டாக்டர் ஒழுங்கான மனிதர். கன்சோல் கம்பெனிக்கு எழுதி முறைப்படி அனுமதி வாங்கியிருந்தார்.

'கம்பெனி அனுமதி பெற்ற கேம் ஹோம்ப்ரூ ஆகாது. இதுவே முடிவு. என்னுடைய கேமாகவே இருந்தாலும் இனி ஓர் எழுத்து மாறாது.'

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல்கள் குவிந்தன. டாக்டர் மட்டும் 'சரி சார்' என்று போட்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு முதல் தடவையாக டீ ருசித்தது.

"அப்பாடா," என்று நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு இனிமே ஒரு கவலையும் இல்ல அத்தை."

மாமியார் முகமெல்லாம் சிரிப்பாகத் துணியைக் கீழே வைத்தார்.

"கேஸ் கவலையும் வேண்டாம் மாப்பிள்ளை. எங்க அக்கா பையன் அந்தக் கம்பெனியிலதான் இருக்கான். நீங்க தவிக்கிறதைப் பார்க்க முடியாம அவன்கிட்ட சொல்லி உங்க பூனைக்கும் அனுமதி வாங்கிட்டேன். சாயங்காலம் மேடையில எல்லார் முன்னாடியும் அவனே கொண்டுவந்து கொடுக்கிறானாம்."