பெடல் அண்ணாச்சியின் ஆமென்

இயேசு பிறந்தபோது தொழுவத்தில் யார் யார் இருந்தார்கள் என்று வேதத்தில் போட்டிருக்கிறது. பாளையங்கோட்டைக்காரர்களைக் கேட்டால் இன்னொருவரையும் சேர்த்துச் சொல்வார்கள்: பெடல் அண்ணாச்சி. அந்த ராத்திரி என்ன பாட்டு, என்ன சுருதி என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவர் மாதிரிதான் பேசுவார்.

எங்கள் கோயிலில் நாற்பது வருடம் கால்மிதி ஆர்கன் வாசித்தவர். பஸ்ஸில் உட்கார்ந்தாலும் கால் இரண்டும் மிதித்துக்கொண்டே இருக்கும். டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி டீ வேட்டிக்குத்தான்.

தொண்ணூறுகளில் தச்சநல்லூர் கல்யாண வீடியோக்காரர் ஒருவர் இயேசு பிறப்பைப் படமாக எடுத்தார். வசனம் நான். ஏரோது ராஜாவும் நானே. இசை பெடல் அண்ணாச்சி. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, கீபோர்டு வாடகைக்கு எடுப்போம். அதுல நூறு சத்தம் வருது" என்றார் வீடியோக்காரர்.

"பெத்லகேம்ல கரண்டு உண்டுமா வே?"

"அப்பம் ஒங்க ஆர்கன் மட்டும் இருந்துச்சோ?"

"காத்து இருந்துச்சுல்லா? இது காத்துல ஓடுத பெட்டி!"

மேய்ப்பர் காட்சிக்குக் கறிக்கடையில் ஆட்டுக்கொம்பு வாங்கி, வேகவைத்து, துளைபோட்டு மூன்று நாள் ஊதினார். காற்றுதான் வந்தது. ஒலிப்பதிவு அன்று திடீரென்று பிளிறிவிட்டது. பக்கத்துத் தொழுவத்து ஆடுகள் மொத்தமும் பதில் குரல் கொடுத்தன. "ஆட்டுச் சத்தத்துக்குத் தனிச் செலவு இல்ல பாத்தீரா?" என்றார் பெருமையாக. மிச்சமெல்லாம் பழைய வெள்ளைக்காரப் பாதிரியாரின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த லத்தீன் துதிகள். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. கண்ணில் நீர் வழியப் பாடினார்.

வீடியோக்காரர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு ஜனங்க முன்னால போடுவோம். நெளிஞ்சாங்கன்னா ஒம்ம மியூசிக்க அழிச்சிட்டு கீபோர்டுதான்."

அன்றுதான் அண்ணாச்சியின் கால்கள் அசையாமல் நின்றதைப் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் கோயில் ஹால் நிறையக் கூட்டம். முதல் காட்சியில் படத்து ஆர்கன் ஒரு வரி ஒலித்தது. ஹாலே எழுந்து நின்றது! ஆராதனையில் அவர் முதல் வரி வாசித்தால் எழுவதும், கடைசியில் ஆமென் வாசித்தால் உட்காருவதும் எங்களுக்கு நாற்பது வருடப் பழக்கம். அண்ணாச்சியோ காட்சிக்குக் காட்சி முதல் வரியும் ஆமெனும் போட்டு வைத்திருந்தார். மரியாளும் யோசேப்பும் பெத்லகேம் போய்ச் சேர்வதற்குள் பதினோரு முறை எழுந்து உட்கார்ந்தோம். எங்கள் பாதிரியார் ஐயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வீடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறப்புக் காட்சி வந்தது. ஆர்கன் மெல்ல முனக, அண்ணாச்சியின் கரகரத்த குரல் மட்டும். எழுந்து நின்றோம். பாட்டு முடிந்தது, படமும் முடிந்தது. ஆமென் வரவில்லை. ஒருவரும் உட்காரவில்லை. நெளியவும் இல்லை. திரை வெள்ளையான பிறகும் ஹால் அப்படியே நின்றது.

"ஆமென் எங்க அண்ணாச்சி? மறந்துட்டியளா?" வீடியோக்காரரும் நின்றுகொண்டேதான் கேட்டார்.

"மறக்கல வே. பிள்ள இப்பம்தான பொறந்திருக்கு. அதுக்குள்ள முடிச்சா எப்படி?"

கீபோர்டு பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தேன். அண்ணாச்சியின் கால்கள் மறுபடி மிதிக்கத் தொடங்கியிருந்தன.

அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. இப்போதும் எந்த ஊர்க் கோயிலிலும் ஆமென் வாசித்த பிறகு நான் மட்டும் கொஞ்சம் நின்றுகொண்டிருப்பேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுப்பாள். அண்ணாச்சி இன்னும் முடிக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?