மூக்கரும் காண்ட்ராக்டரின் வலது காலும்

தம்போய் தோட்டத் தொழிலாளர் லயத்துக் கிணற்றைக் காப்பாற்றியது தான்தான் என்று போன வாரக் கூட்டத்தில் மாலையும் கழுத்துமாகப் பேசிய காண்ட்ராக்டர் பொய் சொல்கிறார். "நானே நேரில் இறங்கி ஆராய்ந்தேன்" என்றாராம். இறங்கியது உண்மை. எப்படி இறங்கினார் என்பதை நான் சொல்கிறேன். அப்போது நான் ஜொகூர் பாருவில் குப்பை வண்டிகளுக்குக் கணக்கெழுதும் கிராணி.

காப்பாற்றியவர் மாட்டுவண்டிக்காரர் மூக்கர். அவருக்கு இருந்த மூக்கு ஜொகூர் காட்டு யானைக்குக்கூடக் கிடையாது. சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. இடித்த கட்டடத்துக் கழிவை ஏற்றியதும் குவியலுக்குள் தலையை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"செங்கல்... சுண்ணாம்பு... செத்த எலி... யாரோ மூலையில ஒண்ணுக்குப் போயிருக்காங்க."

பட்டியல் முடிந்ததும் ஒரு தும்மல் போடுவார். அந்தத் தும்மலைக் கேட்டால்தான் மாடுகள் நகரும். சாட்டைக்கு அவை அசைந்ததே இல்லை.

ஒருமுறை "ஆசிட் இருக்கு" என்று மூன்று வண்டிகளை நிறுத்திவிட்டார். நாங்கள் தோண்டிப் பார்த்தால் கொத்தனாரின் புளித்த மோர்ச்சட்டி. அன்றிலிருந்து அவரைப் பார்க்கிறவர்களெல்லாம் "மோர் இருக்கா மூக்கரே?" என்றுதான் கேட்பார்கள்.

பிறகு காண்ட்ராக்டர் தம்போயில் ஒரு பழைய ரப்பர் கொட்டகையை இடித்தார். இடிபாட்டை லயத்துக் கிணற்றை ஒட்டிய பள்ளத்தில் கொட்டச் சொன்னார். மூக்கர் பாதி முகர்வதற்குள் தூசியில் தும்மிவிட்டார். மாடுகள் கிளம்பிவிட்டன. பள்ளத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தி மீதியை முகர்ந்தார்.

"கிராணியாரே, ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட். ஜாடி ஜாடியா அடியில கிடக்கு. கொட்ட மாட்டேன்."

"மோரா இருக்கும்லா, கொட்டுங்க," என்றேன். ஆமாம், சொன்னது நான்தான்.

"மோர்னா நீங்க குடிங்க."

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க புள்ளைங்க குடிக்கிற கிணறுய்யா இது," என்றாள்.

அங்கேயே நின்றிருந்த காண்ட்ராக்டர் சாட்டையைப் பிடுங்கி மாடுகளை விளாசினார். அவை அசைபோட்டன. மூக்கர் இரண்டு கையாலும் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆசிட் நெடியில் கண்ணீர் கொட்டியது. ஒரு தும்மல் வந்தால் வண்டி பள்ளத்துக்குள் போய்விடும்.

"தும்முறியா இல்லையா?" என்று கத்தினார் காண்ட்ராக்டர்.

"மாட்டேன்," என்றது மூடிய மூக்கு.

"நானே தள்ளிவிடுறேன்," என்று வெள்ளைச் சப்பாத்தோடு வண்டிக் குவியல்மேல் ஏறினார் காண்ட்ராக்டர். செங்கல் சரிந்தது. வலது கால் முழங்கால்வரை இறங்கியது. கண்ணாடி ஜாடி உடையும் சத்தம் கேட்டது.

"அலமாக்" என்று அலறினார். பிறகு ஆடினார். அப்படி ஓர் ஆட்டத்தைக் கூத்து மேடையில்கூட நான் கண்டதில்லை. அந்தப் பெண்கள்தான் அவரைத் தூர இழுத்துப்போய், அதே கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் காலைக் காப்பாற்றினார்கள். மூக்கர் ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடியே, மறு கையால் மூக்கணாங்கயிற்றை இழுத்து மாடுகளை இடித்த கொட்டகைப் பக்கம் திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் மூக்கிலிருந்து கையை எடுத்தார். அந்தத் தும்மல் ஸ்கூடாய்வரை கேட்டிருக்கும்.

மூக்கர் இப்போது பொந்தியானில் மகள் வீட்டில் இருக்கிறார். அடுத்த வாரம் ஒரு செம்பு மோரோடு பார்க்கப் போகிறேன். அவர் அதை ஆசிட் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கீழே கொட்டிவிடுவேன். அவருக்குப் படித்துக்காட்ட எனக்கு ஒரு பதில் வேண்டும். காண்ட்ராக்டர் தன் பெயரைப் போட்டு இதே பத்திரிகையில் எழுதட்டும்: அன்று தும்மாமல் நின்றது யார்?