ஹனானோட தட்டும் என் மைசூர் பாகும்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பக்கத்து வீட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுக்கணும். அவ்வளவுதான்.

தட்டு ஹனானோடது. ஜொகூர்ப் பக்கம் செனாய்ல எங்க வீட்டை ஒட்டின வீடு. பாலஸ்தீனத்துக்காரி, நாப்லுஸ் ஊரு. புருஷன் இங்க யுனிவர்சிட்டில பாடம் எடுக்கிறாரு. நானும் அவளும் பேசிக்கிறது பாதி இங்கிலீஷ், கொஞ்சம் மலாய், மீதியெல்லாம் கை.

ஒரு வாரம் முன்னாடி கதவைத் தட்டி ஒரு சோத்து மலையையே கொண்டாந்து வச்சா. சோறு, கோழி, கத்திரிக்காய் எல்லாத்தையும் ஒரே சட்டியில வேக வச்சு, சட்டியோட தட்டுல கவுத்துடுவாங்களாம். அடியில இருந்த செம்புத் தட்டைப் பார்த்து 'அலமாக்!'னு வாயைப் பொளந்துட்டேன், எங்க கார் டயர் சைஸு! வீட்டுல இருக்கிறதே நானும் எங்க வீட்டுக்காரரு இவரும்தான். சாப்பிட்டோம், சாப்பிட்டோம், சாப்பிட்டுக்கிட்டே இருந்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹனான் எங்க வாசல் கேட் கிட்ட வந்து நின்னா.

"சிஸ்டர், நாளைக்கு எங்க விழா. அந்தத் தட்டு வேணும். நான் காலையிலேயே டேவான் மண்டபத்துக்குப் போயிடுவேன். நீங்க வரும்போது கொண்டு வந்துடறீங்களா?"

விழான்னா கோடைக்காலக் கலை விழா. அவங்க ஊர்ல கோடை வந்தா ஊருக்கு ஊரு பாட்டு, கூத்து, ஆட்டமாம். இங்க வந்து சேர்ந்த குடும்பங்க அதை விட மனசில்லாம வருஷா வருஷம் ஒரு டேவான் எடுத்து நடத்துறாங்க. 'ஜொகூர்ல எந்த மாசத்தைக் கோடைன்னு கண்டுபிடிச்சீங்க?'ன்னு ஒரு தடவை கேட்டேன். பாவம், சிரிச்சா.

ஆனா இந்தத் தடவை அவ சிரிக்கல. கேட்டைப் பிடிச்சுக்கிட்டே சொன்னா.

"என் தங்கச்சிக்கு நாளைக்கு ராத்திரி மருதாணி. மறுநாள் கல்யாணம். நான் போக முடியல."

அவங்க போறதும் வர்றதும் நம்மள மாதிரி டிக்கெட் எடுத்தா முடியற விஷயம் இல்லைங்க. போனா திரும்ப விடுவாங்களான்னே தெரியாதாம். இங்க நாம, சிங்கப்பூருக்குப் போயிட்டு வந்து பாஸ்போர்ட்ல சாப்பு அடிக்க லேட்டாச்சுன்னா அதுக்கே ஃபேஸ்புக்ல அழுவோம்.

மருதாணி அன்னைக்குப் பொண்ணோட அக்கா ஒரு தட்டுல மருதாணியைக் குழைச்சு வச்சு, அதுல மெழுகுவத்தி குத்தி, ஏத்தி, தலையில வச்சுக்கிட்டு ஆடணுமாம். அந்த ஆட்டத்தை இவ நம்ம டேவான் மேடையில ஆடப் போறா. தங்கச்சி அங்கிருந்து போன்ல பார்ப்பா. தட்டு அவங்க அம்மாவோடது. அம்மா இப்ப இல்ல. அந்த வீட்டுக் கல்யாணம்னா அந்தத் தட்டுதானாம்.

"காலித் தட்டு போதும் சிஸ்டர். எம்ப்டி. ப்ளீஸ், எம்ப்டி."

நல்லாக் கவனிங்க. ரெண்டு தடவை சொன்னா.

இப்ப நீங்களே சொல்லுங்க. அவ்வளவு பெரிய தட்டுல சோறு போட்டுக் கொடுத்தவளுக்கு வெறுந்தட்டை நீட்ட முடியுமா? எங்க அம்மா என்னை அப்படியா வளர்த்தாங்க? நாமளும்தான் 'ஒண்ணும் வேணாம், சும்மா வாங்க'ன்னு சொல்றோம். சும்மா வந்தவங்களைப் பத்தி அப்புறம் என்ன பேசுவோம்னு எனக்குத் தெரியாதா!

அதனால சனிக்கிழமை மத்தியானம் மைசூர் பாகு கிளற ஆரம்பிச்சேன்.

இவரு எட்டிப் பார்த்தாரு. "அந்தப் பொண்ணு காலியாதானே கேட்டுச்சு?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கொண்டு போய் வேற தட்டுக்கு மாத்திட்டா ரெண்டு நிமிஷ வேலை."

"கடையில வாங்கிட்டுப் போலாமே?"

"ஏன், என் மைசூர் பாகுக்கு என்ன குறைச்சல்?"

அவரு மெல்ல ஹாலுக்கு நழுவிட்டாரு. நல்ல மனுஷன்.

பாகு கரெக்டா கம்பிப் பதத்துக்கு வந்துச்சு. மாவைத் தூவி நெய் ஊத்தறேன், போன் அடிக்குது. மெர்சிங்ல இருந்து நாத்தனார்.

"அண்ணி, ஒரு நிமிஷம்தான்."

இந்த ஒரு நிமிஷத்தை நம்பி நான் எத்தனை சட்டியைத் தீய விட்டிருக்கேன்! ஆனா போனை எடுக்கலன்னா ரெண்டு மாசத்துக்கு மூஞ்சி திரும்பிடும். தோள்ல இடுக்கிக்கிட்டு ஒரு கையால கிளறுறேன். அவ, வருங்கால சம்பந்தி வீட்டுக்காரங்களைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போனாளாம். போட்டுல அத்தனை பேரும் வாந்தியாம். ஒவ்வொருத்தரா எப்படி எடுத்தாங்கன்னு விவரமாச் சொல்றா. நான் "ஐயையோ"ங்கறேன். அவளுக்குப் பரம திருப்தி. நான் ஐயையோன்னது அடுப்பைப் பார்த்து.

கரண்டி சட்டியை விட்டு வர மாட்டேங்குது.

அவசரமா செம்புத் தட்டுல கொட்டி சமமாத் தட்டிட்டேன். பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. சூட்டோட வில்லை போடணும். நாத்தனார் இன்னும் மாப்பிள்ளையோட அப்பா வாந்தியிலேயே நிக்கிறா. ஒரு வழியா போனை வச்சிட்டு கத்தியை எடுத்தேன்.

கத்தி இறங்கல.

அழுத்தினேன். கத்தி வளைஞ்சுது. இவரைக் கூப்பிட்டேன். அவரு விரலால தட்டிப் பார்த்தாரு. டொக் டொக்னு சத்தம் வந்துச்சு.

"சிமெண்டு எவ்வளவு போட்ட?"

முறைச்சேன். அவரு உடனே சீரியஸாயிட்டாரு. "சரி, அடுப்புல லேசாக் காட்டுவோம், இளகிடும்."

காட்டினோம். இவ்வளவு பெரிய தட்டு எந்த அடுப்புக்கு அடங்கும்? ஒரு பக்கம் கருகுற வாசனை வருது, மறுபக்கம் கல்லு. செத்த அம்மாவோட தட்டு, கறுத்துப் போச்சுன்னா என்ன பதில் சொல்றதுன்னு பயந்து எடுத்துட்டேன். "வெயில்ல வைப்போம்"னாரு. வெளிய வச்சோம். காலையில இருந்து காஞ்சுக்கிட்டிருந்த செனாய்ல அந்த நிமிஷம் பார்த்துக் கொட்டுது மழை!

ஹனான் போன். "சிஸ்டர், எங்க இருக்கீங்க?"

"ஆன் த வே!" நான் இன்னும் குளிக்கவே இல்ல.

கார்ல தட்டு என் மடியில. துணி போட்டு மூடியிருக்கு. கனம் தாங்காம ரெண்டு காலும் மரத்துப் போச்சு. ஏர்போர்ட் ரோட்ல ஜேம். ஹனான் மறுபடி போன்.

"தட்டு இருக்குதானே?"

"இருக்கு, இருக்கு."

"காலியா?"

போன்ல லைன் சரியில்லாத மாதிரி "ஹலோ? ஹலோ?"ன்னு கத்திட்டுக் கட் பண்ணிட்டேன். இவரு ரோட்டைப் பார்த்தபடியே, "உனக்கும் மேடையில ஒரு நடிப்பு கொடுத்திருக்கலாம்"னாரு.

டேவான்ல கூட்டம் நெரியுது. மேடையில ஆம்பளைங்க தோளோட தோள் சேர்ந்து வரிசையா நின்னு தரையை உதைச்சு ஆடறாங்க. தப்கேன்னு பேராம். பலகை அதிருது. அந்த அதிர்வுலயாவது பாகு விரிசல் விடுமான்னு தட்டை மேடை ஓரமா வச்சுப் பார்த்தேன். சத்தியமா வச்சுப் பார்த்தேன்.

ஹனான் ஓடி வந்தா. கறுப்பு அங்கி, நெஞ்சு நிறைய சிவப்பு நூல் வேலை. கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தா. கையில ஒரு கிண்ணம் மருதாணி. துணியைத் தூக்கினா.

"இது என்ன?"

"மைசூர் பாகு."

"சாப்பிடறதா?"

"அப்படித்தான் ஆரம்பிச்சேன்."

அவ என்னைத் திட்டல. திட்டியிருந்தா எவ்வளவோ தேவலை. தட்டோட ஓரத்துல இருந்த பூ வேலையைத் தடவிட்டு, சத்தமில்லாம கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. ரெண்டு தடவை சொன்னாளே! ஒரு மனுஷிக்கு இதுக்கு மேல எப்படிச் சொல்றது? என் கௌரவத்துக்காக அவ தங்கச்சி மருதாணியைக் கெடுத்துட்டேனே!

விஷயம் பரவிடுச்சு. ஆடி முடிச்ச ஆம்பளைங்க வேர்க்க விறுவிறுக்க வந்து சுத்தி நின்னாங்க. அவங்க ஊர்ச் சமையலே கவுக்கிறதுதானே, அதனால ரொம்ப நம்பிக்கையா இருந்தாங்க. மேசையில துணி விரிச்சு, நாலு பேர் தட்டைப் பிடிச்சு, 'பிஸ்மில்லா'ன்னு ஒரே கவுப்பு! அடியில கையால தட்டினாங்க. வயசானவர் ஒருத்தர் தோசைத் திருப்பி மாதிரி ஒண்ணால ஓரமாத் தட்டினாரு. மெதுவாத் தூக்கினாங்க.

துணியில ஒரு பொடி கூட விழல.

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில ஒரு மரியாதை இருந்த மாதிரி எனக்குப் பட்டுச்சு.

அதுக்குள்ள ஹனான் புருஷன் போனைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. அந்தப் பக்கம் தங்கச்சி, பாதி அலங்காரத்துல உக்காந்திருக்கா. "அக்கா எங்க, அக்கா எங்க"ன்னு கேக்கறது மொழி தெரியாத எனக்கே புரியுது. மேடையில ஹனான் பேரைச் சொல்லிட்டாங்க.

ஹனான் தட்டைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. ஒரு மெழுகுவத்தியை எடுத்து மைசூர் பாகுல குத்தினா. மெழுகுவத்தி உடைஞ்சு போச்சு.

இவரு எங்கயோ ஓடினாரு. திரும்பி வரும்போது கையில காரோட ஸ்க்ரூ டிரைவர்.

"கழுவினீங்களா?"ன்னு கேட்டேன்.

"இனிமே இதை யாராவது திங்கப் போறாங்களா?"

மடமடன்னு திருகி வரிசையா ஓட்டை போட்டாரு. கல்யாணம் ஆனதுல இருந்து வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா அடுத்த வாரம்பாரு இந்த மனுஷன்! நான் ஓட்டைக்கு ஒரு மெழுகுவத்தி நட்டேன். ஹனான் மேல மருதாணியைப் பூசினா. பத்த வச்சாச்சு. தலையில தூக்கும்போது "யா அல்லா"ன்னு ஒரு முனகல் வந்துச்சு. கனம் அப்படி.

ஆனா ஆடினா பாருங்க! கையை விரிச்சு, இடுப்பை அசைச்சு, தட்டைப் பிடிக்காமலே ஒரு முழுச் சுத்து. ஒரு மெழுகுவத்தி கூட ஆடல. இவளுக்கு முன்னாடி ஒரு பொண்ணு ஆடிக் காட்டினப்ப மருதாணி இளகி மெழுகுவத்தி எல்லாம் சாய்ஞ்சு போச்சாம். இங்க எல்லாம் போலீஸ் அணிவகுப்பு மாதிரி நிக்குது. போன்ல தங்கச்சி அழறா, சிரிக்கிறா, மை எல்லாம் கன்னத்துல. பொம்பளைங்க அத்தனை பேரும் நாக்கைச் சுழட்டிக் குலவை போட்டாங்க. எனக்கும் அடக்க முடியல. கோயில்ல போடற மாதிரி நானும் ஒண்ணு போட்டேன். முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச்சு. பார்க்கட்டும், எனக்கென்ன! கண்ணுல தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு.

கீழ இறங்கினதும் ஹனான் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "தங்கச்சி சந்தோஷமா இருக்கா"ன்னு மட்டும் சொன்னா. எனக்கு அது போதும்.

கிளம்பற நேரத்துல விழாக் குழு அம்மா ஒருத்தங்க ஓடி வந்து என் கையைப் பிடிச்சாங்க.

"சிஸ்டர், அடுத்த மாசம் என் பொண்ணு மருதாணி. மெழுகுவத்தி நட வச்சிருந்தீங்களே ஒரு களிமண், அது எந்தக் கடையில கிடைக்கும்?"

இவரு அந்தப் பக்கம் திரும்பி இருமினாரு.

"கடையில கிடைக்காதும்மா, வீட்டுல செய்யறது"ன்னு சொன்னேன்.

இத்தனை வருஷ சமையல்ல எனக்குக் கிடைச்ச முதல் ஆர்டர்.